ஈறு நிறத்தில் ஒரு பம்பர்

இன்று நான் யாரைப் பார்த்தேன் தெரியுமா? கிளச் அக்காவை! ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுப்பவர். காலையிலிருந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து "கிளச்சு, கிளச்சு, கிளச்சை மிதிங்க!" என்று கத்திக் கத்தியே அந்தப் பெயர் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதே அக்கா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, அப்பா விட்டுப்போன பழைய ஸ்போர்ட்ஸ் காரில் பந்தயம் ஓட்டுகிறார். அவர் வீட்டு ஷெட்டில் அந்தக் காரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்த கையோடு இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார் கரும்பச்சை. இரண்டே இருக்கை, நீண்ட மூக்கு, தவளைக் கண் மாதிரி விளக்குகள். அப்படியே அள்ளிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் முன்னாலும் பின்னாலும் இருந்த பம்பர்கள் மட்டும் இளஞ்சிவப்பு. சரியாகச் சொன்னால், பல் ஈறின் நிறம்.

"சிரிக்காதே. அந்தப் பம்பர் கதையை நினைச்சாலே எனக்கு இப்பவும் பத்திக்கிட்டு வருது" என்று ஒரு ஸ்டூலை என் பக்கம் தள்ளினார் அக்கா.

கார் பாதி அக்காவுக்கு, பாதி அவர் தம்பிக்கு. தம்பிக்குப் பந்தயமும் பிடிக்காது, ஷெட்டை அடைத்துக்கொண்டு நிற்கும் காரும் பிடிக்காது. சீசன் தொடங்கும்போதே சொல்லிவிட்டார்: "அக்கா, இந்த வருஷம் ஒரு தடவையாவது ஃபைனலுக்குப் போ. போகலைன்னா வண்டியை வித்துடலாம். அப்புறம் அப்பா ஓட்டின வண்டி, அது இதுன்னு அழக் கூடாது."

வீறாப்பில் அக்காவும் சரி என்று கையில் அடித்துக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு வந்த தகுதிச் சுற்று ஒன்றில்கூடத் தேறவில்லை. காரணம் மூக்கில் தொங்கிய பம்பர். கெட்டி இரும்பு, மேலே குரோம் பூச்சு. முதல் வளைவிலேயே கார் திரும்பாமல் நேராகப் போகப் பார்க்கும்.

"ஸ்டியரிங்கைத் திருப்பினா, நின்னு நிதானமா யோசிச்சுட்டுத்தான் திரும்பும். எங்க வீட்டுக்காரர் மாதிரியே" என்றார் அக்கா. உள்ளேயிருந்து வீட்டுக்காரர் இருமினார்.

பம்பரைக் கழற்றி வீசிவிட்டால் தீர்ந்ததே என்று தோன்றுகிறதல்லவா? எனக்கும் தோன்றியது. விதி விடாது. பழைய கார்களின் பிரிவில் வெளித்தோற்றம் மாறக் கூடாது. பம்பர் இருந்தே ஆக வேண்டும். எதனால் செய்தது என்பது உங்கள் பாடு. அதனால் கடைசித் தகுதிச் சுற்றுக்கு முன் எடை குறைந்த பம்பர் தேடி அலைய ஆரம்பித்தார்.

முதலில் ஃபைபர் பம்பர் விற்கும் கடை. இதே மாடலுக்கு என்று சத்தியம் செய்து அனுப்பினார்கள். வந்து பார்த்தால் போல்ட் ஓட்டைகள் ஒரு சாண் தள்ளி இருக்கின்றன. போன் செய்தால் கடைக்காரர், "உங்க வண்டிதான்க்கா கோணலா இருக்கும்" என்றாராம்.

"என் வண்டி கோணலா? நீ நேர்ல வா, யாரு கோணல்னு பார்த்துடலாம்!"

அடுத்தது கார்பன் ஃபைபர். விற்பவர் அதை ஒற்றை விரலில் தூக்கிக் காட்டினார். "எடையே தெரியாது மேடம்." விலையைக் கேட்ட அக்கா, "எப்படித் தெரியும்? எடையை எல்லாம் விலையில வெச்சுட்டீங்களே!" என்று எழுந்து வந்துவிட்டார்.

பிறகு ஒரு டிங்கர் அலுமினியத் தகட்டில் வளைத்துக் கொடுத்தார். லேசு, கச்சிதம், பார்க்கவும் லட்சணம். அக்கா ஷூ லேஸ் கட்ட அதன் மேல் உட்கார்ந்தார். பாய் மாதிரி சுருண்டுவிட்டது.

"பம்பர்ல போய் யாராவது உட்காருவாங்களாக்கா?"

"அண்ணே, அது இடி வாங்க வேண்டிய சாமான்! என்னையே தாங்கலைன்னா எதைத் தாங்கும்?"

இந்த இடத்தில்தான் வீட்டுக்காரர் உள்ளே வருகிறார். அவருக்குப் பல்செட் செய்யும் தொழில். வீட்டின் முன்னறையில்தான் பட்டறை. அலமாரி முழுக்கச் சுண்ணாம்பில் வார்த்த தாடைகள். குரல் உயர்த்தவே தெரியாத மனிதர். "ஏம்மா இப்படி நாயா அலையறே? பழைய பம்பர்ல ஒரு அச்செடுத்தா ஆச்சு. வாய்க்குள்ள நிக்கறதையே செய்யறேன், வண்டியில நிக்கறதைச் செய்ய மாட்டேனா?"

செய்தார். அச்செடுத்து, ஃபைபர் விரித்து, பிசின் ஊற்றி, இரண்டு பம்பர்களையும் வார்த்தார். ஓட்டைகள் மயிரிழை பிசகாமல் பொருந்தின. பூப்போல லேசு. அக்கா ஷெட்டில் ஒரு குதி குதித்தாராம்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. பல்செட் என்றால் அது பல்செட் என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியவே கூடாது. அவர் தொழிலுக்கு அதுதான் வேதம். இந்தப் பம்பரைப் பார்த்தால் போலி என்று அப்பட்டமாகத் தெரிந்தது. அதை அவரால் பொறுக்க முடியவில்லை. ஊசி முனை ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்தார், தேய்த்தார், மறுபடி பட்டி வைத்தார். விரிசல் விடாமலிருக்க உள்ளே ஒரு கம்பி. மேலே வெள்ளிப் பூச்சு, அதன் மேல் பளபளப்பு, அதற்கும் மேல் இன்னொன்று. அக்கா வேலைக்குப் போகும்போதும் தேய்த்துக்கொண்டிருந்தார், திரும்பி வரும்போதும் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"போதுங்க."

"ஒரே ஒரு கோட்டும்மா."

கடைசியில் முகம் பார்த்துத் தலை வாரலாம் போல மின்னியது. எட்டிப் பார்த்த தம்பி, "என்ன மாமா, பழசுக்கே பாலிஷ் போட்டுட்டீங்களா?" என்று கேட்க, மனிதருக்கு வாயெல்லாம் பல்.

தகுதிச் சுற்றுக்கு முதல் நாள், மாட்டுவதற்காக முன் பம்பரைத் தூக்கிய அக்காவுக்குச் சுருக்கென்றது. பழையதையும் புதியதையும் பக்கத்துத் தெருப் பழைய இரும்புக் கடைக்கு எடுத்துப் போனார். பெரிய தராசின் ஒரு தட்டில் பழையது, மறு தட்டில் புதியது. புதியது பொத்தென்று கீழே இறங்கியது.

கடைக்காரர் பாவம், ஒன்றும் அறியாதவர். "எதைப் போடறீங்கம்மா? பளபளன்னு இருக்கே, இதுதான் கனம் ஜாஸ்தி" என்றார்.

வீட்டுக்கு வந்து அக்கா போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டதாம். "இரும்பை விடக் கனமா பிளாஸ்டிக் செய்ய உலகத்துலேயே உங்க ஒருத்தராலதாங்க முடியும்!"

"பார்க்க அசலாட்டம் இருக்கணுமேன்னு..."

"அசல்தான் ஏற்கெனவே இருந்துச்சே! அதைக் கழட்டத்தானே இவ்வளவு பாடு! நாளைக்கு வண்டி போச்சுன்னா அதுக்கும் ஒரு கோட்டு அடிப்பீங்களா?"

வீட்டுக்காரர் மூலையில் சாய்த்து வைத்திருந்த அச்சைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாக, "அச்சு அப்படியே இருக்கும்மா" என்றார். "ஆனா பிசின் தீர்ந்துபோச்சு. பல்செட்டுக்கு ஊத்தற மாவுதான் இருக்கு. அது கலரு வந்து..."

"கலரா இப்ப முக்கியம்? மெலிசா ரெண்டு அடுக்கு. அதோட நிறுத்தணும். தேய்க்கக் கூடாது, பூசக் கூடாது, ஆசையா தடவிக்கூடப் பார்க்கக் கூடாது!"

உப்புத்தாள், பட்டி, பிரஷ் எல்லாவற்றையும் அள்ளிப் பயிற்சிப் பள்ளிக் காரின் டிக்கியில் பூட்டிச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார் அக்கா. பம்பர் இறுகி வெளியே வந்தது. அதன் மேல் உட்கார்ந்து பார்த்தார். வளைந்தது, எழுந்ததும் நிமிர்ந்துகொண்டது. "இந்த ஒரே ஒரு ஓட்டையை மட்டும் அடைச்சுக்கட்டுமாம்மா?" என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு, "கையை எடுங்க!"

மறுநாள் தடத்தில் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "ஈறு வந்தாச்சு, பல்லு எங்கக்கா?" என்றான் ஒருவன். "ஓட்டிட்டு வந்து காட்டறேன்" என்றார் அக்கா. காரைச் சோதிக்கும் அதிகாரி பம்பரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"மேடம், இது என்ன நிறம்?"

"விதியில நிறத்தைப் பத்தி இருக்கா சார்?"

அவர் அளந்து பார்த்தார். வடிவம் சரி. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. அப்போது பின்னாலிருந்து வீட்டுக்காரர், "மேல் தாடைக்குப் போடற கலர் சார், யாருக்கும் ஒத்துக்கும்" என்று பணிவாகச் சொல்ல, அதிகாரி தலையில் அடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டார்.

முதல் வளைவு எப்படி இருந்தது என்று நான் கேட்டேன். இவ்வளவு நேரம் பொரிந்து தள்ளிய அக்கா சட்டென்று அடங்கினார். "திருப்பினேன். திரும்பிடுச்சு" என்றார். ஈறு நிறப் பம்பரை ஒரு தட்டுத் தட்டினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஃபைனலுக்குத் தேறிவிட்டார். கடைசி வரிசையில், கடைசி இடம். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த தம்பி வந்து பம்பரை முறைத்துப் பார்த்திருக்கிறார்.

"கடைசி இடம்தானேக்கா."

"கடைசி இடமும் ஃபைனல்லதான்டா இருக்கு."

"சரி, விக்கல. இந்தக் கலரைப் பார்த்தா எவனும் வாங்கவும் மாட்டான்."

மின்னும் பம்பர்கள் இரண்டும் இப்போது பல்செட் அறைச் சுவரில் தொங்குகின்றன. காத்திருப்பவர்கள் அதில் பார்த்துத் தலை சீவிக்கொள்கிறார்கள்.

ஃபைனல் இந்த ஞாயிற்றுக்கிழமை. கார்ப் பைத்தியம் யாராவது தெரிந்தால் இதை உடனே அனுப்பிவிடுங்கள். முடிந்தவர்கள் நேரிலேயே போய் முதல் வளைவில் நில்லுங்கள். ஈறு நிறம் தெரிந்ததும் தொண்டை கிழியக் கத்துங்கள். அக்காவின் வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்க நேர்ந்தால் ஓர் உதவி: கையில் உப்புத்தாள் இருந்தால் பிடுங்கி வைத்துக்கொள்ளுங்கள்.