நாலு நாற்பதுக்குத் திரும்பும் கடிகாரம்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்கு நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

என் கணவர் சசிதரன், மலேசியாவில் பெடாஸ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி. போன மார்ச்சில் ஒரு நாள், வேலை முடிந்து தொழிற்சாலை பஸ்ஸில் ஏறியதும் அவருக்குப் போன் செய்தேன். மாலை 5:15.

"லெட்சுமி, லேப்டாப்புல மணி சரியா ஓடல. நீ வந்து பாரு லா."

"நான் என்ன டெக்னீஷியனா? வரேன், வரேன்."

அவர் சிரிக்கவில்லை. நாற்காலி கிறீச்சிடுவது மட்டும் கேட்டது.

6:10க்கு நான் வீட்டுக்குள் நுழைந்தபோது, மேசையில் தலை சாய்த்தபடி இறந்து கிடந்தார். மாரடைப்பு.

கோயில் பண்டாரம் பஞ்சாங்கம் பார்த்தார். அன்று ஐந்து மணி வரை ரேவதி நட்சத்திரம். அதற்குள் உயிர் பிரிந்திருந்தால் அடைப்பு. அந்த அறையை ஆறு மாதம் பூட்டி வைக்க வேண்டும். போனவர் அங்கேயே சுற்றுவார் என்பார்கள்.

"அஞ்சே காலுக்கு உன்கிட்ட பேசினாருல்ல? அப்ப அடைப்பு இல்லம்மா."

அறையைப் பூட்டவில்லை.

அவர் கடைசியாகப் பேசியது என்னிடம். கடைசியாகக் கேட்டது அந்த லேப்டாப் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லி. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நாட்களைக் கடத்தினேன். அதையாவது சரிசெய்துவிட நினைத்தேன்.

நேரத்தைத் திருத்துவேன். மூடித் திறந்தால், 4:40.

ரெம்பாவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் யோகேந்திரன் உள்ளே இருந்த சின்ன பேட்டரியை மாற்றினான். நாலு நாள் கடையிலேயே ஓடவிட்டுப் பார்த்தான்.

"ஒரு நிமிஷம்கூட தப்பல அக்கா. இனிமே அதுக்கு வயசே ஆகாது."

வீட்டில் அவர் மேசையில் வைத்துத் திறந்தேன். 4:40.

அன்று மழை. மாலை 7:20. நேரத்தைத் திருத்திவிட்டு, மூடாமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.

7:21.

7:22.

பின்னால்... கிறீச்.

திரும்பினேன். நாற்காலி காலியாக இருந்தது.

திரையைப் பார்த்தேன்.

4:40.

மீண்டும்... கிறீச்.

வெளியே ஓடினேன்.

பக்கத்து வீட்டு மயிலம்மாள் கதவைத் திறந்தார். நான் திக்கித் திக்கிச் சொன்னதைக் கேட்டவர், "நாலு நாப்பதா?" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அன்னிக்கு பிரசாதம் குடுக்க வந்தேன்மா. ஜன்னல் வழியா கூப்பிட்டேன். எந்திரிக்கல. உள்ள வந்து கைய தொட்டேன், சரிஞ்சு விழுந்துச்சு. மூச்சு இல்ல. வீட்ல மக மாசமா இருந்தா... சாவைத் தொட்டுட்டேன்னு எப்படிம்மா சொல்வேன்? ஓடி வந்துட்டேன்."

"எப்போ?"

"பேரனோட ஸ்கூல் பஸ் அப்பத்தான் வந்து நின்னுச்சு."

அந்த பஸ் எங்கள் லயத்து வீடுகளுக்கு வருவது 4:40க்கு.

மறுநாளே அறையைப் பூட்டினோம். லேப்டாப் உள்ளேதான் இருக்கிறது.

மயிலம்மாளிடம் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இப்போதும் பஸ்ஸில் ஏறினால் போனைக் கையில் எடுக்க முடிவதில்லை.

அன்று 5:15க்கு நான் கேட்டது அவர் குரல்தான். எனக்குத் தெரியாதா?