அடுத்தவர் வயலில் நட்ட நாற்று

"ஏ ஆவுடைத்தாயி, இது யாரு வயலு?" வரப்பில் நின்று அப்பா கேட்டார்.

குனிந்து நட்டுக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "இது என்ன கேள்வி அண்ணாச்சி? ஒங்க வயலுதான்."

"என் வயலு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்லா கெடக்கு! இது சங்கிலிப்பாண்டி வயலு."

இப்போது நிமிர்ந்தாள். வாய்க்காலைப் பார்த்தாள். நட்டு முடித்த பாதி வயலைப் பார்த்தாள். "அப்பம் அவரு இன்னைக்கு நல்ல முகத்துல முழிச்சிருக்காரு."

சேற்றில் நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

"மொத நாத்து முடிய இங்கன போட்டது யாரு?"

"நாந்தான் அண்ணாச்சி."

"இருவது வருசமா நடுத. ஒனக்கா வயலு தெரியல?"

"வயசாவுதுல்லா!" என்றாள். அவளுக்கு முப்பத்தைந்து இருக்கும்.

முதல் நாற்றுமுடி எந்த வயலில் விழுகிறதோ, அங்கே குலவையிட்டு இறங்கிவிடுவது நடவுப் பெண்களின் வழக்கம். மறுபடி யாரும் விசாரிப்பதில்லை. அன்று அந்த முடியைப் போட்டவள் முப்பிடாதி. புளியறையிலிருந்து தென்காசிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அதுதான் அவளுக்கு முதல் நடவு. விடியற்காலையிலேயே வரப்புக்கு வந்திருந்த நான் அதைப் பார்த்தேன். ஆனால் பாளையங்கோட்டை விடுதியில் படித்து வளர்ந்த எனக்கும் எங்கள் வயல் எதுவென்று தெரியாது.

வயல் மாற்றியவள் என்று பெயர் விழுந்தால் அந்தச் சாரல் காலம் முழுவதும் அவளை எவரும் நடவுக்குக் கூப்பிடமாட்டார்கள். அது தெரிந்துதான் முப்பிடாதி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

ஆவுடைத்தாய் பதினோரு பெண்களை நடத்தியவள். நடும்போது எல்லாரிலும் மெதுவானவளுக்குப் பக்கத்தில்தான் நிற்பாள். தன் நிரையை நட்டபடியே அடுத்தவள் நிரையிலும் நாலு நாற்றை ஊன்றிவிடுவாள். எட்டு ஊருக்குக் கேட்கும்படி ஏசுவாள். வயல்காரர் வந்துவிட்டால் மட்டும் யாரையும் ஏசமாட்டாள்.

சற்று நேரத்தில் சங்கிலிப்பாண்டி வந்தார். தம் வயலைப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "என் நாத்தும் பறிக்கப் பக்குவமாத்தான் நிக்கி. அத எடுத்து ஒம்ம வயல்ல நட்டுக்கிடும் வே. ஒரே நெல்லுதானே!" அப்பாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பெண்கள் அந்த வயலை முடித்துக் கஞ்சி குடித்தார்கள். பிறகு ஆவுடைத்தாய் எழுந்து, "ஏட்டி முப்பிடாதி, மொத முடிய நீ கொண்டு போ" என்றாள்.

"நானா அக்கா?"

"பின்ன, நானா? எனக்குத்தான் வயலு தெரியாதே."

முப்பிடாதி எங்கள் வரப்பில் நின்று, "இதுதானா? இதுதானா?" என்று மூன்று முறை கேட்ட பிறகே முடியைப் போட்டாள். குலவை குற்றாலத்து மலைவரை போயிருக்கும்.

இன்று முப்பிடாதியும் பத்துப் பெண்களை நடத்துகிறாள். அந்தக் கதையை அவளே எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பதால்தான் நானும் எழுதுகிறேன். அன்று மாலை, வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்த ஆவுடைத்தாய் என்னை அருகில் கூப்பிட்டாள்.

"நீ பாத்துட்டேன்னு எனக்குத் தெரியும், தாயி. பொய் சொல்லச் சொல்லல. ஒங்க அப்பா கேட்டா மட்டும் சொல்லு. கேக்கலன்னா, இந்த நடவு முடியுத வரைக்கும் சும்மா இருந்துக்கிடு."