மழைக்காலத்தில் செய்திருந்தால்?

என்னிடம் ஒரு கேள்வி இருந்தது. ஒரே ஒரு கேள்விதான். அதை வைத்துக்கொண்டு எறும்பு, கான்கிரீட், செப்பேடு, கணிதம் என்று ஒன்றரை வருடம் ஓட்டினேன். “இதையே மழைக்காலத்தில் செய்திருந்தால் முடிவு வேறு மாதிரி வந்திருக்குமா?” நீங்களும் எங்கே வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பொருந்தாத துறையே கிடையாது. கேட்டவன் விவரம் தெரிந்த ஆள் போலத் தோன்றுவான். பதில் சொல்பவர் ஐந்து நிமிடமாவது அவன் முகத்தைப் பார்த்துப் பேசியாக வேண்டும்.

எனக்கு வேண்டியிருந்தது அந்த ஐந்து நிமிடம்தான். ஆனால் அறிவுத் தாகம் என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன்.

பெங்களூரில் ஹெப்பகோடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை பார்த்தவன் நான். எந்தச் சாமானைக் கொடுத்தாலும் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். ஐம்பத்திரண்டு வயதில் அந்தத் தொழிற்சாலையை வேறு மாநிலத்துக்கு மாற்றினார்கள். “வர்றீங்களா, வி.ஆர்.எஸ். வாங்கிக்கறீங்களா?” என்றார்கள். ஜோகுபாளையத்து வீட்டை விட்டு எங்கே போவது, மனைவி இங்கே இருக்கிறாளே என்று வி.ஆர்.எஸ்ஸில் கையெழுத்துப் போட்டேன். அடுத்த இரண்டாவது மாதம், வங்கி அதிகாரியான அவளைக் கலபுரகிக்கு மாற்றினார்கள். பிள்ளைகள் இல்லை. இரண்டாம் சனி, நான்காம் சனி அவள் வருவாள். மற்ற நாட்களில் குக்கர் மூன்று விசில் அடிக்கும். பதிலுக்கு நான் ஒன்று அடிப்பேன். அன்றைய பேச்சுவார்த்தை அதோடு முடிந்தது.

அப்படி ஒரு நாள் பஸ் ஏறி, எங்கே இறங்குவது என்று தெரியாமல், மரங்கள் அடர்ந்த ஒரு பெரிய ஆராய்ச்சி வளாகத்தின் வாசலில் இறங்கினேன். நிழல் நன்றாக இருந்தது. உள்ளே நடந்தேன். காவலாளி மறித்தார்.

“எல்லிகே சார்?”

எங்கே என்று எனக்கே தெரியாதே. வாய் உளறியது: “செமினார்.”

“ஓ, அதா! ஹோகி சார், ஹோகி. எடகடே மூணாவது கட்டடம்,” என்று இடது பக்கம் காட்டி, கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினார். நரைத்த தலைக்கும் கண்ணாடிக்கும் அந்த வாசலில் இருந்த மரியாதை என் வீட்டுக் கண்ணாடி முன்னால்கூட இருந்ததில்லை.

மூன்றாவது கட்டடத்தில் நடந்துகொண்டிருந்தது வைவா. ஐந்தாறு வருடம் ஒரே விஷயத்தை ஆராய்ந்தவர், பட்டம் வாங்குவதற்கு முன் தேர்வாளர்கள் எதிரே நின்று அதை விளக்கிச் சொல்ல வேண்டும். பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்பது விதி. யாரும் வரமாட்டார்கள் என்பது நடைமுறை. கடைசியில் தலைவர், “அவையில் யாருக்காவது கேள்வி உண்டா?” என்று கேட்பார். அதுவும் சடங்குதான், கல்யாணத்தில் மாப்பிள்ளை காசிக்குக் கிளம்புகிற மாதிரி. யாரும் நிஜமாகவே டிக்கெட் எடுத்து வைத்திருக்கக்கூடாது.

அன்றைக்கு எறும்பு. சடங்குக் கேள்வியைக் கேட்ட தலைவர் என்னையே பார்த்தார். வெளியூரிலிருந்து வந்த எறும்பு நிபுணர் என்று நினைத்திருக்க வேண்டும். எனக்கு உள்ளங்கை வேர்த்தது. மாட்டிக்கொண்டோம், போலீஸைக் கூப்பிடப் போகிறார்கள் என்று ஜன்னலைப் பார்த்தேன். வெளியே வானம் கறுத்திருந்தது. “இதையே மழைக்காலத்தில்...” என்று ஆரம்பித்துவிட்டேன்.

அந்தப் பையனுக்கு முகம் மலர்ந்ததே! மழையோ வெயிலோ, ஆபத்தான வெளிவேலைக்குப் போவது பெரும்பாலும் வயதான எறும்புகள்தான், இளசுகள் புற்றுக்குள் இருக்கும் என்று விலாவாரியாகச் சொன்னான். எனக்கு வி.ஆர்.எஸ். தாளை நீட்டிய மேனேஜர் நினைவுக்கு வந்தார். பிறகு டீ, பிஸ்கட், சூடாக ஒரு வடை. வீட்டுக்கு வந்து குக்கரிடம் எறும்பு பற்றிச் சொன்னேன்.

அப்புறம் கேட்பானேன். வாரம் இரண்டு. கான்கிரீட்டில் விரிசல் எப்படி ஓடுகிறது என்று பார்த்தவர், என் கேள்வியைக் கேட்டதும் பலகையில் படமே போட்டார். செப்பேட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தானம் கொடுத்த நிலத்துக்கு எல்லை ஓடைன்னு எழுதியிருக்கான். மழையில ஓடை இடம் மாறினா நிலம் யாருக்கு? நான் யோசிக்கலையே சார்,” என்று நோட்டில் எழுதிக்கொண்டார். கணிதத்தில் மட்டும் அடி. கடைசி வரை ஒரு வார்த்தை புரியவில்லை என்றாலும் கையைத் தூக்கிவிட்டேன். ஆய்வு செய்த பெண் கொஞ்சமும் சிரிக்காமல், “நான் எடுத்துக்கிட்ட கணித வெளியில மழையே பெய்யாது சார்,” என்றாள். அவை சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த மாதத்தில் பத்துப் பேரோடு சேர்ந்து சிரித்தது அது ஒரு முறைதான்.

ஒரு விஷயம் கவனித்தேன். எறும்புக்காரருக்குக் கான்கிரீட்காரரைத் தெரியாது. இரண்டு கட்டடத்துக்கும் நடுவே ஒரு மாமரம்தான். ஆறு வருடத்தில் ஒரு தடவைகூடப் பேசிக்கொண்டதில்லை. செப்பேட்டுக்காரருக்கு இரண்டு பேரையும் தெரியாது. இத்தனை அறைகளிலும் உட்கார்ந்து எழுந்த ஒரே ஆள் நான். என்னை ஒருவருக்கும் தெரியாது.

சென்ற மே மாதக் கடைசியில் ஒரு வைவா. நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண் நின்றார். ஆடுகோடிப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆசிரியை. வேலை பார்த்துக்கொண்டே ஏழு வருடம் ஆராய்ந்தவர். பெங்களூர்ப் பூங்கா பெஞ்சுகளில், முன்பின் தெரியாத இருவர் எவ்வளவு இடைவெளி விட்டு உட்காருகிறார்கள் என்பது ஆய்வு. பெஞ்சின் முதுகுப் பலகையில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, தூரத்தில் நின்று குறித்துக்கொள்வாராம்.

முதல் தடவையாக ஒரு ஆராய்ச்சி என்னைப் பற்றி இருந்தது. திரையில் ஒரு படம் காட்டினார். பெஞ்சின் ஓரத்தில் தனியாக ஒருவர், பை மடியில். “பையைப் பக்கத்துல வைக்கிறவங்க, யாரும் வர வேணாம்னு சொல்றாங்க. பையை மடியில வைக்கிறவங்க, யாராவது வரட்டும்னு இடம் விட்டு வச்சிருக்காங்க,” என்றார். நான் குனிந்து பார்த்தேன். என் பை என் மடியில் இருந்தது.

அந்தத் தடுமாற்றத்தில் இருந்தபோது தலைவர் சடங்குக் கேள்வியைக் கேட்டார். பழக்கதோஷம். கை தானாக எழுந்தது.

“இதையே மழைக்காலத்தில் செய்திருந்தால்...”

ஆசிரியை தன் குறிப்புகளைப் புரட்டினார். தண்ணீர் டம்ளரை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். அதுவரை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வெளியூர்த் தேர்வாளர் நிமிர்ந்தார்.

“நல்ல கேள்வி. எந்த மாசம் பார்த்தீங்க நீங்க?”

“பிப்ரவரிலேர்ந்து மே வரைக்கும் சார்.”

“எல்லா வருஷமுமா?”

“எல்லா வருஷமும். காலேஜ்ல அப்பதான் நேரம் கிடைக்கும்.”

“தலைப்புல பெங்களூர்னு போட்டிருக்கு. வெயில்கால பெங்களூர்னு போடலையே.”

எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுத் தேர்வாளர்கள் பேசினார்கள். அரை மணி நேரத்துக்குப் பிறகு முடிவு வந்தது. பட்டம் இப்போது இல்லை. ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்து, அதையும் சேர்த்து, மறுபடி வைவா.

தாழ்வாரத்தில் அவர் கணவர் மைசூர்பாக் டப்பாக்களோடு நின்றிருந்தார். உள்ளே நடந்தது அவருக்கு முழுசாகப் புரியவில்லை. டப்பாவைத் திறந்து என்னிடம் நீட்டினார். “நீங்கதான் நல்ல கேள்வி கேட்டீங்கன்னு சொன்னாங்க சார். எடுத்துக்கோங்க.”

எடுத்துக்கொண்டேன். நெய் வடியும் மைசூர்பாக் தொண்டையில் செங்கல் மாதிரி நின்றது, சத்தியமாக.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு இருக்கிறதே. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டோமா? போட்டோம். விலாசம்? அதுவும். கோர்ட்டில் கேஸ் போடுவார்களா? மழைக்காலத்தைப் பற்றிக் கேட்டது எந்தச் செக்ஷனில் வரும்? முன்னெச்சரிக்கையாக மீசையை எடுத்தேன். வீடியோ காலில் மனைவி போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

“யாருங்க நீங்க? என் வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க.”

விஷயத்தைச் சொன்னேன்.

“மீசையை எதுக்கு எடுத்தீங்க? கேள்வி கேட்டது மீசையா? எடுக்கறதுன்னா நாக்கை இல்ல எடுக்கணும்!” என்றாள். பிறகு குரல் இறங்கியது. “இதுக்குத்தான் வாரா வாரம் அங்க போறீங்களா? என்கிட்ட லைப்ரரின்னு சொன்னீங்க.”

சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தோம்.

வளாகத்துப் பக்கம் போவதை நிறுத்தினேன். அப்போதுதான் ஒரு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று சரியாகத் தெரிந்தது. ஜூன் பிறந்து மழை தொடங்கியது. சாயங்காலம் மூடிய ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் பால் வாங்கப் போனபோது, அல்சூர் ஏரிப் பக்கத்துப் பூங்காவில் அந்த ஆசிரியையைப் பார்த்தேன். கருப்புக் குடை, கழுத்தில் தொங்கும் அட்டை, அதன் மேல் பிளாஸ்டிக் உறை. பெஞ்சுகளில் சாக்பீஸ் நிற்காததால் மஞ்சள் இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தார். காத்திருந்தார். ஒரு ஈ காக்கை உட்காரவில்லை. ஈரப் பெஞ்சில் எவன் உட்காருவான்?

எவனும் உட்காராவிட்டால் அவர் அட்டையில் எதை எழுதுவார்? அட்டை காலியாக இருந்தால் பட்டம் எப்படி வரும்? எனக்கு மறுபடி உள்ளங்கை வேர்த்தது. மழையிலும் வேர்க்கும், அதையும் யாராவது ஆராயலாம். மறுநாள் ஒரு பிளாஸ்டிக் கோணியை விரித்து, குடையைப் பிடித்துக்கொண்டு, பெஞ்சின் ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்து இன்னொருவர் உட்கார மாட்டாரா என்று. அடுத்த நாளும் போனேன். மூன்றாம் நாள் ஒரு பெரியவர் நிஜமாகவே வந்து மறுகோடியில் உட்கார்ந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூச்சை அடக்கி அசையாமல் இருந்தேன்.

அவர் எழுந்து போனதும் குடை ஒன்று என் குடைக்கு எதிரே வந்து நின்றது.

“எந்திரிங்க சார்.”

“மேடம், நான்...”

“மூணு நாளா என் டேட்டாவைக் கெடுத்துட்டு இருக்கீங்க. எந்திரிங்க மொதல்ல.”

“சும்மா உக்காந்தேன் மேடம். பொதுமக்கள்ல ஒருத்தன்.”

“நீங்க பொதுமக்களா? மீசையை எடுத்துட்டா தெரியாதா? எனக்குத் தெரிஞ்சவங்க உக்காந்தா கணக்குல வராது. உங்களால அந்தப் பெரியவரும் போச்சு. மூணு நாள்ல ஒரே ஒருத்தர் வந்தாரு, அதுவும் போச்சு!”

நான் எழுந்து நின்றேன். கோணி பெஞ்சோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கு வைவாவில் கேட்டது எறும்புக்கும் கான்கிரீட்டுக்கும் கேட்ட அதே கேள்விதான், எனக்கு வேறு கேள்வி தெரியாது என்பதையும் சொன்னேன்.

அவர் குடையை மறுகைக்கு மாற்றினார். “ஏழு வருஷம்,” என்றார். “மழைக்காலம் விட்டுப்போச்சுன்னு எனக்கு ரெண்டாவது வருஷமே தெரியும். யாரும் கேக்க மாட்டாங்கன்னு இருந்தேன். கைடு கேக்கல. யாருமே கேக்கல. கடைசியில கேட்டது ஒரு விளையாட்டுப் பிள்ளை.” பெருமூச்சு விட்டார். “நன்றியெல்லாம் சொல்ல மாட்டேன். இன்னும் கோவமாதான் இருக்கேன்.”

“இருங்க மேடம். தாராளமா இருங்க.”

அட்டையில் ஏதோ எழுதினார். தலைகீழாக இருந்தாலும் படிக்க முடிந்தது. கடைசிக் கட்டத்தில், மூன்று தேதிகளுக்கு நேரே ஒரே காரணம்: நீக்கம், தெரிந்தவர். இருபத்தாறு வருடம் சாமான்களை நீக்கியவன் நான். என்னை ஒருவர் நீக்கிப் பார்த்தது அன்றுதான், அதுவும் இந்தக் காரணத்துக்காக.

கிளம்பும்போது தொலைபேசி எண் கொடுத்தார். “பார்க்குக்கு வர்றதா இருந்தா முன்னாடியே மெசேஜ் போடுங்க. நான் வேணாம்னா வரக்கூடாது.”

ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர். தினமும் மூன்று மணிக்கு “வரலாமா?” என்று அனுப்புவேன். “வேண்டாம்” என்று வரும். சில நாள் “வேண்டாம், இன்னைக்கு நாலு பேர்” என்று வரும். “இன்னைக்கு ஒருத்தரும் இல்ல, நீங்களும் வேண்டாம்” என்று வரும். மழை கனத்த நாளில், கூரைக்குக் கீழே இருக்கும் ஒரே பெஞ்சில் ஆறு பேர் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்ததையும், ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனதையும் நீளமாக எழுதியிருந்தார். நான் குக்கருக்கு அதைப் படித்துக் காட்டினேன்.

டிசம்பரில் இரண்டாவது வைவா. கடைசி வரிசையில் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். “அவையில் யாருக்காவது கேள்வி உண்டா?” என்றார் தலைவர். ஆசிரியை நேராக என்னைப் பார்த்தார். அவர் கணவரும் பார்த்தார். அந்த நேரம் பார்த்து மூக்கு அரித்தது. இரண்டு கையையும் எடுக்காமல் கண்ணில் நீர் வர உட்கார்ந்திருந்தேன். பட்டம் கிடைத்தது. மைசூர்பாக் இந்தத் தடவை சரியாக இறங்கியது. இன்னொன்றைக் காகிதத்தில் சுற்றி, நான்காம் சனிக்கிழமைக்காக எடுத்து வைத்தேன்.

இந்த ஜூனில் மழை தொடங்கிய அன்று, மூன்று மணிக்கு விரல் தானாக அனுப்பிவிட்டது: “வரலாமா?”

கொஞ்ச நேரம் கழித்து பதில் வந்தது. “வேலை முடிஞ்சிடுச்சே சார். இனிமே கேக்க வேணாம். தாராளமா உக்காருங்க.”

போனேன். மஞ்சள் டேப் ஒன்றிரண்டு இன்னும் உரியாமல் இருந்தது. கோணியை விரித்து, ஓரமாக உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டேன்.