ரீல் விட்டவள்

"குடும்ப உறுப்பினர். தூண்டில் வீசாதவர். படகில் ஏறவும் இறங்கவும் உறுப்பினரின் உதவி தேவைப்படுபவர்."

ஏரித் தூண்டில் சங்கம் கொடுத்த அட்டையில் டிரைவரம்மாவைப் பற்றி இப்படித்தான் அச்சிட்டிருந்தது. கீழே செயலரின் கையெழுத்து, மேலே அவளுடைய புகைப்படம். அந்த முகம் கீழே இருக்கும் வாசகத்தைப் படித்துவிட்டு முறைப்பதைப் போலவே இருக்கும்.

படகில் ஏற உதவி தேவைப்படும் இந்தப் பெண்மணிதான் ஊரிலேயே நீளமான பேருந்தை ஊரிலேயே குறுகலான மார்க்கெட் சந்துக்குள் தினமும் வளைத்து எடுப்பவள். துணிக்கடைக்காரர் வாசலில் தொங்கவிட்டிருக்கும் சட்டைகளின் கைகூட அந்த வண்டிமேல் உரசியதில்லை. டெப்போவில் வைத்த பெயர் வீட்டுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. தன்மேல் அவளுக்குச் சந்தேகம் வந்ததே கிடையாது. அது நியாயமாக இருந்த சந்தர்ப்பங்களும் நிறைய உண்டு.

சங்கத்தின் முழு உறுப்பினர் அவள் கணவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், சாது. ஆடாத தண்ணீரைப் பார்த்தாலே அவருக்குத் தலை ஆடும். படகு கரையை விட்டதும் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு படுத்துவிடுவார். சங்கத்தில் சேர்ந்ததே அண்ணனுக்காக, அண்ணன்தான் செயலர். ஆக, தூண்டில் வீசுபவர் தூங்குவார், வீசாதவர் அவருடைய கம்பை எடுத்து வீசுவார். இந்த ஏற்பாட்டில் யாருக்கும் மனக்குறை இல்லை, அட்டைக்கு மட்டும்தான் உடன்பாடில்லை.

குழப்பம் போன வருடப் போட்டியில் வந்தது. கணவர் வழக்கம்போல் படுத்திருந்தார். செயலர் வேறு படகில் இருந்தார். டிரைவரம்மா வீசிய தூண்டிலில் ஏதோ மாட்டிக் கம்பு வளைந்தது. அவள் சுற்ற ஆரம்பித்ததும் கம்பின் பிடியிலிருந்து, தூண்டில் நரம்பைச் சுற்றிவைக்கும் ரீல் கழன்று, படகின் விளிம்பில் 'டங்'கென்று மோதி, நரம்பையும் அறுத்துக்கொண்டு ஏரிக்குள் போய்விட்டது. கையில் வெறும் கம்பு. அந்தச் சத்தத்தில் கணவர் புரண்டு படுத்தார். சாட்சி என்று சொன்னால் அவ்வளவுதான்.

கரைக்கு வந்து செயலரிடம் நடந்ததைச் சொன்னாள். அவள் சொன்னவிதமும் கொஞ்சம் பெரிய விதம்தான்: "இம்மாம் பெரிய மீனு அத்தான். ரீலையே பிடுங்கிட்டுப் போயிடுச்சு!" என்று இரண்டு கையையும் விரித்தாள். அந்த அளவை நம்பினால் மீனுக்கே தனிப் படகு வேண்டும்.

செயலர் சிரிக்காமல், "ரீல் விடாதம்மா" என்றார்.

 அந்த வார்த்தையின் இரண்டு பக்கமும் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் விளங்கிவிட்டது. கரையே சிரித்தது. ரீலை நிஜமாகவே தண்ணீரில் விட்ட ஒருத்தியைப் பார்த்து ரீல் விடாதே என்று சொல்லிவிட்டால் அதற்கு அவள் என்ன பதில் சொல்ல முடியும்? "நான் விட்டேன்" என்றாலும் மாட்டினாள், "விடவில்லை" என்றாலும் மாட்டினாள்.

கேலியோடு போயிருந்தால் அவள் தூசி தட்டிவிட்டுப் போயிருப்பாள். ஆனால் அன்று கரையில் தராசு பிடித்துக்கொண்டு நின்றவர் டெப்போ மெக்கானிக். மறுநாளே அந்த வார்த்தை டெப்போவுக்கு வேலைக்கு வந்துவிட்டது. பிரேக் அழுத்தும்போது கிரீச்சிடுகிறது என்றால், "ரீல் விடாதீங்கக்கா." கண்ணாடி ஆடுகிறது என்றால், "எம்மாம் பெருசா ஆடுதுக்கா?" கடைசியில் பின்கதவு. அது மூடினாலும் கவ்வவில்லை, குலுங்கினால் திறந்துகொள்ளும் என்று அவள் சொன்னாள். மெக்கானிக் கதவை ஒருமுறை சாத்தி, "நல்லாத்தானே சாத்துது" என்று போய்விட்டார். அன்றிலிருந்து பின்கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டுதான் ஓட்டினாள். அத்தனை வருடம் அவள் ஒன்று சொன்னால் டெப்போவில் மறுகேள்வி இருந்ததில்லை. வண்டியில் ஏறுகிறவர்கள் அந்த ஒரு சொல்லை நம்பித்தான் ஏறுகிறார்கள், அவர்களுக்கே தெரியாமல். அது போய்விட்டால் அவள் வெறும் ஸ்டீயரிங் பிடிப்பவள்.

"நான் பொய் சொல்ற ஆளா?" என்று வீட்டில் கேட்டாள்.

"சேச்சே" என்றார் கணவர். "ஆனா மீனு கொஞ்சம் பெருசுதான்."

"நீங்க பாத்தீங்களா?"

"தூங்கிட்டிருந்தேன். அதனாலதான் கொஞ்சம்னு சொல்றேன்."

இந்த வருடப் போட்டிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசைமேல் பழைய பேப்பரை விரித்து, கணவரின் கம்பையும் புதிதாக வாங்கிய ரீலையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பேருந்தில் ஏதாவது கழன்றால் எதனால் கழன்றது என்று தெரியாமல் அவளால் சாப்பிட முடியாது. ஏரியில் கழன்றதை ஒரு வருடம் மீன் தலையில் கட்டிவிட்டுச் சும்மா இருந்ததே அவளுக்கு இப்போது ஆச்சரியமாக இருந்தது.

கம்பின் பிடிக்குச் சற்று மேலே ரீல் உட்காரும் இடம். அங்கே இரண்டு குல்லாக்கள். ஒன்று அசையாது, இன்னொன்று திருகு வளையத்தோடு சேர்ந்து நகரும். ரீலின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பாதத்தின் ஒரு முனை அசையாத குல்லாவுக்குள் கடைசிவரை நுழைய வேண்டும், மறுமுனையை நகரும் குல்லா மூட வேண்டும், வளையம் அதைத் தள்ளி இறுக்க வேண்டும். விஷயம் இவ்வளவுதான். ஆனால் முனை குல்லாவுக்குள் போகாமல் அதன் உதட்டின்மேல் ஏறி உட்கார்ந்தாலும் வளையம் இறுகத்தான் செய்யும். பார்க்கிறவன் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். டிரைவரம்மா வேண்டுமென்றே அப்படி மாட்டிப் பார்த்தாள். கழுத்தைப் பிடித்து ஒரு இழுப்பு. ரீல் கையோடு வந்துவிட்டது.

அதோடு விரலில் ஏதோ வழவழத்தது. திருகு பூராவும் கிரீஸ்.

"இது யாரு தடவினது?"

"அண்ணன்தான்" என்றார் கணவர். "போன வருஷம் அவர்தானே மாட்டிக் குடுத்தாரு. உனக்குத்தான் தெரியுமே, அவருக்கு கிரீஸ்னா..."

தெரியும். செயலர் இரும்புக்கடை வைத்திருப்பவர். உலகத்தில் திருகு என்று ஒன்று இருந்தால் அதற்கு கிரீஸ் போட வேண்டும் என்பது அவருடைய சித்தாந்தம். கீல், பூட்டு, தாழ்ப்பாள் விஷயத்தில் அந்தச் சித்தாந்தத்தை யாரும் அசைக்க முடியாது. கழலவே கூடாத திருகுக்கும் அவர் அதையே தடவியிருந்தார்.

டிரைவரம்மா துணியால் திருகைத் துடைத்தாள். பாதத்தைக் குல்லாவுக்குள் முட்டும்வரை தள்ளி வளையத்தைக் கையால் இறுக்கினாள். குறடு போட்டு இறுக்கினால் வளையம் விரிசல் விடும். குலுக்கினாள், இழுத்தாள், மறுபடியும் இறுக்கினாள். பேருந்தில் சக்கரம் மாற்றினால் கொஞ்ச தூரம் ஓட்டி, நிறுத்தி, நட்டுகளை இன்னொரு தரம் இறுக்கிவிட்டுத்தான் ஆள் ஏற்றுவாள். முதல் இறுக்கு நட்டு தன் இடத்தில் உட்காருவதற்கு, இரண்டாவதுதான் நமக்கு என்பாள்.

பிறகு மகளின் அறைப்பக்கம் திரும்பி, "உன் நெயில் பாலிஷைக் குடு" என்றாள்.

மகள் எட்டிப் பார்த்தாள். "டிரைவரம்மாவுக்கு நகத்துக்கா? அப்பா, மழை வரப்போகுது!"

"நகத்துக்கு இல்லடி, நட்டுக்கு."

வளையத்திலிருந்து பிடிவரை குறுக்கே ஒரு சிவப்புக் கோடு இழுத்தாள். டெப்போவில் சக்கர நட்டுக்குச் செய்வதுதான்: கோடு நேராக இருக்கும்வரை நட்டு அசையவில்லை, கோடு உடைந்தால் அசைந்துவிட்டது. கோட்டை ஊதிக் காயவைத்தபோது அவளுக்கு ஒன்று தோன்றியது. தோன்றியது கொஞ்சம் கசந்தது. அந்தக் கம்பிலிருந்து ரீலைப் பிடுங்கப் பெரிய மீன் எதற்கு? உள்ளங்கை நீளப் பொடி மீன் போதும். மீன் பெரிது என்பதற்கு இருந்த ஒரே சாட்சி ரீல் கழன்றது. அந்தச் சாட்சி இப்போது கட்சி மாறிவிட்டது.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்குச் சாப்பாடு மட்டும் கொஞ்சம் தாமதமாக இறங்கியது.

போட்டி நாளில் மூவரும் ஒரே படகு. டிரைவரம்மாதான் துடுப்புப் போட்டாள். கரை விலகியதும் கணவர் தொப்பியைக் கவிழ்த்தார். செயலர் சட்டைப்பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்து, தன் கம்பின் திருகுக்கு பயபக்தியோடு கிரீஸ் தடவி ரீலை மாட்டினார்.

"அத்தான், பாதம் குல்லாக்குள்ள முழுசாப் போகல."

"நீ ரோட்டைப் பாரும்மா."

"ரோடு எங்க இருக்கு? தண்ணிதான் இருக்கு."

"அப்ப தண்ணியைப் பாரு. நான் நட்டு போல்ட்டுலயே பொறந்து வளந்தவன்."

அவள் தண்ணீரைப் பார்த்தாள். வெயில் ஏறும்வரை எதுவும் மாட்டவில்லை. பிறகு செயலரின் கம்பு தலைகுப்புற வளைந்தது. அவர் உற்சாகத்தோடு ஒரு சுற்று சுற்றினார், இரண்டாவது சுற்றில் ரீல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"கழலுது! கழலுதும்மா!"

"தெரியுது. ரீலைக் கம்போட சேத்து உள்ளங்கையில பிடிங்க. கம்பைத் தாழ்த்துங்க. நரம்பை ஓட விடுங்க, மல்லுக்கு நிக்காதீங்க."

துடுப்பைப் படகுக்குள் போட்டுவிட்டு, கணவரின் சட்டைப்பையில் கைவிட்டுக் கண்ணாடி துடைக்கும் துணியை உருவினாள்.

"ஓரத்துலேருந்து நடுவுக்குத் துடைக்கணும்" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

வளையத்தைப் பின்னுக்குச் சுழற்றித் திருகைத் துடைத்தாள். செயலரின் விரல்களுக்கு நடுவே தன் விரலை நுழைத்துப் பாதத்தை முட்டும்வரை தள்ளினாள். குல்லாவை மூடி இறுக்கினாள். "இப்ப சுத்துங்க." அவர் சுற்றினார். கொஞ்சம் நரம்பு உள்ளே வந்ததும், "நிறுத்துங்க" என்றாள்.

"மீன் இழுக்குதும்மா!"

"இழுக்கட்டும். ரெண்டாம் தரம் பாக்காம நான் வண்டி எடுக்கறதில்ல."

இன்னொரு தரம் இறுக்கினாள். அதற்கப்புறம் ரீல் கம்போடு பிறந்ததுபோல் நின்றது. மீன் படகுக்குள் வந்து விழுந்த துள்ளலில் கணவர் எழுந்து உட்கார்ந்து, "யாரு பிடிச்சது?" என்றார். டிரைவரம்மா துடுப்பை எடுத்துப் படகைக் கரைப்பக்கம் திருப்பினாள்.

கரையில் மெக்கானிக் தராசில் மாட்டினார். அன்றைய மீன்களில் அதுதான் கனம். "எப்படிண்ணே?" என்று கேட்டார்.

 நேர்மை செயலரிடம் கிரீஸைப்போல் எப்போதும் கைவசம் இருப்பதில்லை. ஆனால் டப்பாவை அடியோடு தொலைத்துவிட்டவரும் இல்லை. "நடுவுல ரீல் கழண்டுடுச்சுப்பா" என்றார். "மீன் தூண்டில்ல இருக்கும்போதே இவதான் மாட்டி இறுக்கினா."

கூட்டத்தில் யாரோ, "அட, செயலரும் ரீல் விட ஆரம்பிச்சுட்டாரு!" என்றதும் கரை மறுபடியும் சிரித்தது.

"நெசமாத்தான்யா!" செயலருக்குக் காது சிவந்தது. "கேளுங்க இவனை!" தம்பியைக் காட்டினார்.

"நான் தூங்கிட்டிருந்தேண்ணே" என்றார் தம்பி, வருத்தத்தோடு.

டிரைவரம்மா ஒரு நிமிடம் அந்தக் காட்சியை அனுபவித்தாள். அவளும் மனுஷிதானே. பிறகு கிரீஸ் அப்பிய துணியை மெக்கானிக்கின் கையில் வைத்தாள்.

"அத்தான் சொல்றது உண்மைதான். போன வருஷமும் இதேதான் நடந்துச்சு. திருகுல கிரீஸ், பாதம் குல்லாவுக்கு வெளிய. ரீல் தானா கழண்டுச்சு. மீனு பெருசுன்னு சொன்னேன் பாருங்க, அதுதான் தப்பு. அந்த லட்சணத்துல மாட்டின ரீலைப் பிடுங்க பொடி மீனே போதும். பொடி மீனாத்தான் இருந்திருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. அந்தச் சங்கத்தில் தப்பிப்போன மீன் வருடத்துக்கு வருடம் வளர்வதுதான் வழக்கம். எல்லோர் முன்னாலும் தன் மீனைத் தானே சின்னதாக்கிய ஆளை அந்தக் கரை அதுவரை பார்த்ததில்லை. அப்படிப்பட்ட ஒருத்தி சொல்வதை நம்பாமல் என்ன செய்வது?

மெக்கானிக் துணியை மோந்து பார்த்தார். "கிரீஸ்தான்" என்றார். செயலரைப் பார்த்தார். செயலர் தன் சட்டைப்பையைப் பார்த்தார்.

"அந்தக் கம்புக்குத் தடவினதும் நான்தான்" என்றார் செயலர், தண்ணீரைப் பார்த்து. "எல்லாத் திருகுக்கும் ஒண்ணுதான்னு நெனச்சேன்."

"சுத்தறதுக்குத்தான் கிரீஸு அத்தான். நிக்கறதுக்கு இல்ல."

மறுநாள் டெப்போவில் அவள் பேருந்தில் ஏறுவதற்கு முன்பே மெக்கானிக் பின்கதவுப் படியில் குந்தியிருந்தார். கதவின் கொக்கி பல்லில் விழாமல் அதன் உதட்டில் உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, மாற்றி, கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி அவளிடம் கொடுத்தார். "வேற ஏதாச்சும் இருந்தா சொல்லுங்கக்கா" என்றார். கண்ணாடி ஆடுகிறது என்றாள். ஸ்பானரை எடுத்துக்கொண்டு போனார்.

இப்போது சங்கத்தில் பாதிப் பேருடைய கம்புகளில் நகச்சாயக் கோடு இருக்கிறது. செயலரின் கம்பில் ஊதா நிறம். அவர் மனைவியின் தேர்வு. அட்டைகள் மட்டும் பழைய அச்சிலேயே கட்டுக்கட்டாக மிச்சம் இருந்ததால் இந்த வருடமும் அவற்றையே கொடுத்தார்கள். தூண்டில் வீசாதவர், படகில் ஏற உதவி தேவைப்படுபவர். போட்டியின் பரிசும் செயலர் பெயரில்தான் இருக்கிறது. விதிப்படி கம்பைப் பிடித்திருந்தவர் அவர்தான்.

டிரைவரம்மா செய்தது இவ்வளவுதான்: மீன் இழுத்துக்கொண்டிருக்கும்போதே திருகைத் துடைத்து, ரீலின் பாதத்தைக் குல்லாவுக்குள் முட்டும்வரை தள்ளி, வளையத்தைக் கையால் இறுக்கி, கொஞ்சம் சுற்றவிட்டு, மறுபடியும் ஒரு தரம் இறுக்கினாள்.