தொக்ஜா எங்கள் வகுப்பில் படிக்கவில்லை

எங்கள் வகுப்பில் யாருக்குக் கண்புரை, யாருக்குப் பேரன், யார் போய்ச் சேர்ந்தாள் என்பதெல்லாம் குவாக் தொக்ஜா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். சியோலில் கல்லூரிப் படிப்பை முடித்த நாளிலிருந்து ஆண்டுதோறும் எங்களைக் கூட்டுபவள் அவள். வர மறுத்தால் வீட்டுக்கே வந்து இழுத்துப் போவாள். எனக்கு மாட்டெலும்பு சூப் பிடிக்காது என்பது என் கணவருக்கு இன்றுவரை தெரியாது, அவளுக்குத் தெரியும்.

இந்த வசந்தத்தில், ஒரு சனிக்கிழமை, ஐம்பதாம் ஆண்டு ஒன்றுகூடல். கல்லூரியே மேடை போட்டு, வகுப்புக்கு ஒருவரைக் குடும்பத்தோடு அழைத்துக் கேடயம் கொடுக்கிறது. நானும் வகுப்புத் தோழி யோங்நானும் அவளைக் கேட்காமலே அவள் பெயரைக் கொடுத்துவிட்டோம். நல்லது செய்கிற நினைப்பு!

மறுநாள் கல்லூரி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"அம்மா, அந்தப் பேர்ல யாருமே உங்க வகுப்புல படிக்கலையே."

"நல்லாத் தேடிப் பாரும்மா."

"எல்லா வருஷத்துலயும் தேடிட்டோம்மா. அப்படி ஒருத்தங்க இங்க படிக்கவே இல்ல."

யோங்நானை வரவழைத்துச் சொன்னேன்.

"உனக்கென்னடி மூளை கலங்கிடுச்சா, இன்சுக்? நாலு வருஷம் என் பக்கத்துல உக்காந்தவடி அவ!" என்று பாய்ந்தாள். பிறகு அவள் குரல் இறங்கியது. "ஏண்டி, அவ பரீட்சை எழுதி நீ பாத்திருக்கியா?"

பரீட்சை வந்தால் அவளுக்கு வயிற்றுவலி வரும். எங்களுக்கெல்லாம் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வாள். பட்டமளிப்பன்று, தன் அங்கி நீளம் பத்தவில்லை என்று என்னுடையதை வாங்கிப் போட்டு, அம்மாவோடு படம் எடுத்துக்கொண்டாள். நாங்கள் பட்டம் வாங்கிய அறிவாளிகள், ஒருத்திக்கும் உறைக்கவில்லை.

போனை ஒலிபெருக்கியில் போட்டு அவளைக் கூப்பிட்டேன். "தொக்ஜா, நீ யாருடி?"



"நுழைவுத் தேர்வுல தோத்துட்டேன். பாஸுன்னு அம்மாகிட்ட பொய் சொன்னேன். மறுநாளே பன்னி அடிச்சு ஊருக்கே சோறு போட்டுட்டாங்க. அப்புறம் எப்படி வாயத் தொறக்கறது?"

இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. ஐம்பது வருடம் எங்கள் கண்ணில் மண்ணைத் தூவியிருக்கிறாள்! "உன் வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தெரியாது. பிள்ளைங்களுக்கும் தெரியாது. கேடயம் வேணாம்னு சொல்லிடு. நானும் விலகிக்கறேன். ஒண்ணே ஒண்ணு, இன்சுக். நான் செத்தா, வகுப்புப் பேர் எழுதின மலர்வளையம் ஒண்ணு வாசல்ல நிக்கணும். அது வரலைன்னா எம் பிள்ளைங்க ஏன்னு கேப்பாங்க."

எங்களில் செத்தவர்கள் எல்லோருக்கும் அந்த வளையத்தை அனுப்பியவள் அவள்தான். யோங்நான் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"அத யாருடி அனுப்புவா? எந்தக் கடையில சொல்றதுன்னுகூட எங்களுக்குத் தெரியாது. நீபாட்டுக்குச் செத்துகித்து வைக்காத. சனிக்கிழம ஒழுங்கா வந்து சேரு!"