ஊசி தேடிய போல்ட்

போன கிழமை எங்கள் வீட்டில் ஓர் ஊசி தொலைந்தது. ஊசிதானே என்று நினைக்காதீர்கள் – தொலைந்தது பச்சைப் பிள்ளையின் மெத்தைக்குள்!

மகளுக்குப் பிள்ளை கிடைத்திருக்கிறது. சின்ன மெத்தை ஒன்று தைத்தேன். கடைப் பஞ்சு போதாமல், பழைய தலையணை ஒன்றைப் பிரித்து அதையும் அடைத்தேன். வாயை மூடித் தைப்பதற்குச் சிவப்பு நூல் கோத்து ஊசியைக் குத்தி வைத்த நேரம், பிள்ளை வீறிட்டு அழுதது. ஓடினேன். திரும்பி வந்தால்... ஊசி இல்லை.

பஞ்சைப் பாயில் கொட்டித் துழாவினேன். அகப்படவில்லை. பஞ்சை வீசிவிடலாம்தான். ஆனால் ஊசி பஞ்சில்தான் கிடக்கிறதா, பிள்ளையின் துணிகளுக்குள் போய்விட்டதா? கண்ணால் கண்டால்தானே நித்திரை வரும்!

மருமகன் வேலை முடிந்து கந்தோரால் வந்தார். எங்கள் பக்கத்தில் மாமியும் மருமகனும் முகம் பார்த்துக் கதைப்பதில்லை. கதவுத் திரைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். நடுவில் மகள்தான் தபால்காரி.

அவர் ஓர் இரும்பு போல்ட்டில் மெல்லிய செப்புக் கம்பியைச் சுற்றினார். நுனிகளில் பூச்சைச் சுரண்டி, டோர்ச் பற்றரியில் பிடித்தார். போல்ட் காந்தமாகிவிடுமாம்! திரை இடுக்கால் பார்த்தேன். ஒரு குண்டூசியைத் தூக்கியது... உடனே போட்டது.

"இது வெளயாட்டுச் சாமான். இதால ஊசி வருமா எண்டு கேளுகா மகள்."

"சுத்துக் காணா, இன்னும் சுத்தணும் எண்டு மாமிக்கிட்ட செல்லு. இல்லாட்டி றேடியோவுக்குள்ள காந்தம் இரிக்கி, கழட்டட்டா?"

"றேடியோவத் தொட்டீங்கண்டா இண்டைக்கிச் சோறு இல்ல!" – இது மகள்.

கம்பியை ஒரே பக்கமாக, இடைவெளி விடாமல், அடுக்கடுக்காக நெருக்கிச் சுற்றினார். பற்றரியும் ஒன்றுக்கு இரண்டாகியது. இப்போது குண்டூசிகள் கொத்தாகத் தொங்கின! கம்பி சூடாகிறதென்று இடைக்கிடை பற்றரியிலிருந்து எடுத்து ஆறவிட்டு, மறுபடி பிடித்துப் பஞ்சுக்குள் அளைந்தார். டக்! ஓர் ஊசி.

மகள் "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். நான் சொல்லவில்லை. ஊசியை வாங்கிப் பார்த்தேன். நூல் எங்கே? அதுவும் துருப்பிடித்த ஊசி. காலையில் விழுந்தது பின்னேரம் துருப்பிடிக்குமா? எங்கோ கிடந்ததைக் காட்டி என்னைப் பேய்க்காட்டுகிறாரா?

வெட்கம் எங்கே போனதோ தெரியாது. திரைக்குள்ளிருந்து நேராகவே சொன்னேன்:

"மருமகன், இது என்ட ஊசி இல்ல. இன்னொருக்காப் பாருங்க."

"கதைச்ச மாமியா?" மனிதன் திகைத்துப் போனார். ஆனாலும் மறுபடி அளைந்தார். கடைசிப் பிடிப் பஞ்சில் – சிவப்பு நூலோடு என் ஊசி!

அப்படியென்றால் அந்தத் துரு ஊசி? பழைய தலையணையில் இருந்தது. இத்தனை காலமும் அதில் தலை வைத்துப் படுத்தவள் நான்!

மருமகனைச் சந்தேகப்பட்டது பிழைதான். சந்தேகப்படாமல் விட்டிருந்தால்...? பிள்ளையின் முதுகை நினைத்துப் பாருங்கள்.

வீட்டிலுள்ள மற்றத் தலையணைகளையும் அந்தப் போல்ட்டுக்காகப் பிரித்து வைத்திருக்கிறேன். இந்தக் கிழமை முழுக்க மருமகன் கந்தோரால் பிந்தித்தான் வருகிறார் – உண்மையிலேயே அவ்வளவு வேலையா?