காய்கறிக் கடைக்காரர் மனைவியின் பச்சைப் பொடி

அந்த வட்டாரத்தில் அவளுக்கு 'பிரேக் அக்கா' என்றுதான் பெயர். கார் ஓட்டக் கற்றுத்தரும் வேலை. பழகுபவர் எப்படித் தடுமாறினாலும், தன் பக்கத்தில் தனியாக உள்ள பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு நேற்றுப் பார்த்த சினிமாக் கதையைச் சொல்லிக்கொண்டே வருவாள். லாரி எதிரே வந்தாலும் அசரமாட்டாள். ஆனால் யாராவது "உடம்புக்கு நல்லது" என்று சொல்லிவிட்டால் போதும், ஆள் கவிழ்ந்துவிடுவாள்.

சொல்வதற்கு வீட்டிலேயே ஆள் இருந்தது. மாடியில் குடியிருந்த நாத்தனாருக்கு அழகு நிலையத்தில் வேலை. முகத்தில் எதையோ பூசிக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருப்பவர்கள் உளறுவதையெல்லாம் கேட்டு, சாயங்காலம் அப்படியே அண்ணியிடம் கொண்டுவந்து இறக்குவாள். விடிந்ததும் ஆப்பிள் வினிகர். தோல் மினுங்க கொலாஜன் தூள். எலும்புக்கு ஒன்று, முடிக்கு ஒரு விட்டமின் மாத்திரை, மூளைக்கு மீன் எண்ணெய். சமையலறை அலமாரியில் உப்பும் மிளகும் உட்கார இடமில்லாமல் ஜன்னல் விளிம்புக்குப் போய்விட்டன. கடைசியாக வந்து சேர்ந்தது பச்சைப் பொடி.

"முப்பது காயோட சத்து மொத்தமும் இந்த ஒரு டப்பாவுல இருக்கு அண்ணி!"

இதில் வேடிக்கை என்னவென்றால், பிரேக் அக்காவின் கணவர் நடத்துவது காய்கறிக் கடை.

அவர் டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ என் கடையில இருக்கறதெல்லாம் என்னம்மா, பிளாஸ்டிக்கா?"

"உங்க காய்ல சத்து பரவலா இருக்காம். இதுல அடர்த்தியா இருக்காம்."

"வாசனையும் அடர்த்தியாத்தான் இருக்கு. புல்லு வெட்டின மெஷினைக் கழுவி ஊத்தின மாதிரி."

அவரும் லேசுப்பட்டவர் இல்லை. கை முறுக்கேறும் என்று நம்பி, தங்கச்சி கொடுத்த புரதத் தூளை யாருக்கும் தெரியாமல் கலக்கிக் குடித்துவிட்டு, குளியலறைக் கண்ணாடி முன் கையை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்தவர் மீசையில் சாக்லெட் நுரை. மாட்டிக்கொண்டார்.

பிறகு நாத்தனார் புதிதாக ஒன்று சொன்னாள். ஒரு வாரம் சோறு தண்ணி கிடையாது, பொடிக் கரைசல் மட்டும். உடம்பு உள்ளே பளபளவென்று சுத்தமாகிவிடுமாம். பிரேக் அக்கா உடனே இறங்கிவிட்டாள். மூன்றாம் நாள் காலை காரில் ஏறும்போது அவளுக்குத் தெருவே லேசாக ஆடியது.

அன்றைக்குப் பழக வந்தவர் மருந்துக்கடைக்காரர். அவளுடைய டப்பாக்களில் பாதி அவர் கடையில் வாங்கியதுதான். எந்த டாக்டரின் கையெழுத்தையும் ஒரே பார்வையில் படித்துவிடும் மனிதர், ஸ்டியரிங்கைத் தொட்டால் கோழிக்குஞ்சாகிவிடுவார். இரண்டாவது கியரைத் தாண்டியதே இல்லை. காலி மைதானத்தையே சுற்றிச் சுற்றி வருவார்.

அன்றும் சுற்றினார்கள். பின் சீட்டிலிருந்து ஒரு வாசனை மெதுவாக வந்து அவள் மூக்கைப் பிடித்தது.

"சார், பின்னாடி என்ன?"

"மதியச் சாப்பாடு மேடம். அவிச்ச முட்டை, கொண்டைக்கடலை."

"எனக்குக் குடுத்தீங்களே பச்சைப் பொடி, நீங்க அதைக் குடிக்கறதில்லையா?"

மைதானத்திலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் சொன்னார்: "அது விக்கறதுக்கு மேடம். பசிச்சா நான் சாப்பாடுதான் சாப்பிடுவேன்."

"அந்த விட்டமின் மாத்திரை? ஒண்ணுக்கு மஞ்சமஞ்சேர்னு போகுதே, கெட்டதெல்லாம் வெளியேறுதுன்னு சந்தோஷமா இருந்தேனே!"

"வெளியேறுறது மாத்திரைதான் மேடம். அதுல ஒரு பி விட்டமினுக்கு நிறமே மஞ்சள். உடம்பு தனக்கு வேண்டியதை எடுத்துக்கிட்டு மிச்சத்தைத் துரத்திடும்."

அவள் ஒரு நொடி அவரை முறைத்தாள். அடுத்த நொடி சிரிப்பு வெடித்தது. கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்த வேகத்தில், அதுவரை தூங்கிக்கொண்டிருந்த பசி எழுந்து உட்கார்ந்துவிட்டது. படிக்க வந்தவரின் சாப்பாட்டைக் கேட்க வெட்கம். ஆனால் மெயின் ரோட்டின் கோடியில் ஒரு கடை நிறையக் காய் இருக்கிறதே!

"சார், மெயின் ரோட்டுக்குத் திருப்புங்க."

"மேடம், நான் இன்னும்..."

"மூணாவது கியர்!"

"அது எங்க இருக்கு?"

"போடுங்க சார், அதுவா வந்து விழும்!"

விழுந்தது. பஸ் ஒன்று ஹாரனால் திட்டியது. அவர் "ஐயோ ஐயோ" என்று அலறிக்கொண்டே அதைத் தாண்டினார். நாலாவது கியரும் விழுந்தது. காய்கறிக் கடை வாசலில் அவளே தன் பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தினாள். கதவைத் திறந்து ஓடி, குவியலிலிருந்து ஒரு கேரட்டை உருவி, துப்பட்டாவில் துடைத்து, கடித்தாள்.

வெள்ளரிக்காய் நிறுத்துக்கொண்டிருந்த கணவர் தராசை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். "என்னம்மா ஆச்சு? கழுவிக் குடுக்கறேன், இரு!"

அவள் இருக்கவில்லை. கேரட்டுக்குப் பிறகு வெள்ளரி, அதற்குப் பிறகு வாழைப்பழம். காய் வாங்க வந்தவர்கள் வாங்குவதை மறந்து வேடிக்கை பார்த்தார்கள். மருந்துக்கடைக்காரர் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து முட்டையை நீட்டினார். மறு கையை ஆகாயத்தில் வீசி, "நாலாவது கியர்ல வந்தேன்! பஸ்ஸையே தாண்டினேன்!" என்று முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தலை சுற்றுகிறது என்று அவள் சொன்னதும், மருந்துக்கடைக்காரரே வற்புறுத்தி டாக்டரிடம் அனுப்பினார். ரத்தத்தில் இரும்புச்சத்து கொஞ்சம் கம்மி. அதற்கு மட்டும் சில மாதம் ஒரு மாத்திரை, மற்றதெல்லாம் வேண்டாம், நேரத்துக்குச் சாப்பிட்டால் போதும் என்றார் டாக்டர். நாத்தனாருக்குத்தான் மனசு ஆறவில்லை. "அப்போ அந்த முப்பது காய்?" என்று கேட்டாள். அண்ணன் கடையை ஒருமுறை சுற்றி வந்து, "எங்கிட்டயே பத்தொன்பதுதான் இருக்கு, அதை முதல்ல தின்னு முடிங்க," என்றார்.

மருந்துக்கடைக்காரருக்கு லைசென்ஸ் கிடைத்த அன்று, மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, தானே ஓட்டி, கடைக்கு வந்தார். கம்பீரமாக ரிவர்ஸ் எடுத்தார். பின்சக்கரம் ஒரு தக்காளிக் கூடையின் மேல் ஏறி இறங்கியது. எல்லாரும் நசுங்கிய கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, பிரேக் அக்கா குனிந்து, உருண்டு தப்பிய ஒரு தக்காளியை எடுத்துக் கடித்தாள். முகவாயில் சாறு வழிய, "ஸ்டியரிங்கை இன்னும் கொஞ்சம் இடது பக்கம் ஒடிச்சிருக்கணும் சார்," என்றாள். கணவர் உப்பு எடுக்க உள்ளே ஓடினார்.